ஒரு நாள் குறைவாக

ஆறு மாதம் என்றால் மேன்முறையீடு இல்லை.
நீதிபதி ஒரு நாளைக் குறைத்து எழுதினார்.
அந்த ஒரு நாளின் மேல்தான்
எங்கள் வீடு இப்போது நிற்கிறது.

டொரொன்டோ, நான்காம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே ஒரு கிரேன்
யாருடைய சுவரையோ தூக்கிப் பிடித்தபடி
காலையில் இருந்து அசையவில்லை.

சஜீபன் அண்ணா பிறந்தது டென்மார்க்கில்,
ஹேர்னிங் என்ற ஊரில்.
மூன்றரை வயதில் ஸ்காபரோவுக்கு வந்தான்.
நான் இங்கேயே பிறந்தவள்.
என்னை யாரும் எங்கேயும் அனுப்ப முடியாது.
அதற்காக நான் ஒன்றும் செய்ததில்லை.

அப்பாவும் அம்மாவும் இந்த நாட்டுக்குச் சத்தியம் செய்த அன்று
அவனை மட்டும் டெனிஷ்காரனாகவே விட்டார் அப்பா.
"ஓடி வந்த சனத்துக்கு ரெண்டு வாசல் வேணும்.
ஒண்டு திறந்தே கிடக்கட்டும்."
அப்பா செத்து ஏழு வருசம்.
வாசல் இன்னும் திறந்துதான் கிடக்கிறது.
அதற்குள்ளால்தான் அவனைத் தள்ளப் பார்க்கிறார்கள்.

குற்றங்களை வாசித்தார்கள்.
களவெடுத்த கார் இரண்டு.
பிணை நிபந்தனையை மீறியது.
பிறகு, பிஞ்ச் அவெனியூவில்
ஒரு கலியாண மண்டபத்தின் கார்த் தரிப்பில்
திரு. ஓசெய்யின் தாடை.
அந்தப் படத்தை நான் பார்த்தேன்.
ஆறு கிழமை அந்த மனிதர் ஸ்ட்ரோவால் சூப் குடித்தார்.
எங்கள் பக்கம் பதினேழு கடிதங்கள்:
கோயில் தலைவர், டயர்க் கடை முதலாளி,
அம்மாவின் டயாலிசிஸ் தாதி...
ஓசெய்யிடம் கேட்கவில்லை.
கேட்க எங்களுக்கு வாய் இருக்கவில்லை.

அமைச்சரின் தரப்பில் வந்தவர்
மரியாதையாகத்தான் கதைத்தார்.
அங்கே போர் இல்லை.
ஆஸ்பத்திரிக்குக் காசு இல்லை.
கடவுச்சீட்டும் கையில் இருக்கிறது.
"இதில் என்ன இன்னல்?"

இடைவேளையில், கோப்பி மெஷின் பக்கத்தில்,
சட்டத்தரணி மார்க்கோவிச் சொன்னார்:
உன் அண்ணனின் கெட்ட காலம், அது நல்ல நாடு.
எரிகிற நாடு ஒன்று இருந்திருந்தால்
எனக்கு வாதாட இலகு.

எரிகிற நாட்டில் இருந்து ஓடித்தான்
அப்பா அந்தக் குளிரைத் தேடிப் பிடித்தார்.

டெனிஷ் தெரியுமா?
"இல்லை."
அங்கே சொந்தக்காரர்?
"இல்லை."
அந்த நாட்டில் உங்களுக்கு என்ன ஞாபகம்?
நெடுநேரம் யோசித்தான்.
"மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று.
அது என்னுடையதா எண்டு தெரியாது."

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.
அம்மாவைக் கிழமைக்கு மூன்று தரம் மெஷினுக்குக் கூட்டிப்போவது யார்?
அண்ணா.
குடிக்கிறாரா?
விட்டுப் பதினான்கு மாதம்.
நடுவில் இருந்த பெண்மணி
கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.
"நீங்கள் எப்போதாவது அவருக்குப் பயந்திருக்கிறீர்களா?"

அலுமாரிக் கதவில் ஒரு பள்ளம் இருக்கிறது.
ஒவ்வொரு வருசமும்
புதுக் கலண்டர் வாங்கி அதை மூடுவது நான்தான்.

"ஒரு தரம்" என்றேன்.

மார்க்கோவிச்சின் பேனை நின்றது.
அண்ணா நிமிரவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்,
யாரோ கேட்ட விலாசத்தை
நான் சரியாகச் சொன்னது போல.

தீர்ப்பு தபாலில் வருமாம்.

வார்டன் ஸ்டேஷன் கார்த் தரிப்பில்
ஹீட்டர் சூடேறும்வரை இருந்தோம்.
ஃபோனைக் காதில் வைத்து முணுமுணுத்தான்:
யாய் ஹெதர் சஜீபன்.
யாய் ஹெதர் சஜீபன்.
"என்னண்ணா அது?"
"என்ர பேர் சஜீபன் எண்டு.
யாய் எண்டா நான்."

பழந்தமிழில் யாய் என்றால் என் தாய்.
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பாடமாக்கியது.
அவன் அந்த வகுப்புக்கு வந்ததில்லை.
நானும் சொல்லவில்லை.

மணி மூன்றரை.
நாலுக்கு அம்மாவை மெஷினில் இருந்து கழற்றுவார்கள்.
ஃபோனை மடியில் வைத்துவிட்டு
கியரைப் போட்டான்.